கலைப்பதுபோல் கலையாமல்: பொய்க் கலைப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சீட்டுக்கட்டைக் 'கலைப்பது' என்கிறோம். இதே வினைச்சொல்லைத்தான் கூட்டத்துக்கும் சபைக்கும் வேஷத்துக்கும் வைத்திருக்கிறோம். போலீஸ் கூட்டத்தைக் கலைக்கிறது. கவர்னர் சபையைக் கலைக்கிறார். விடியற்காலையில் கூத்தாடி வேஷத்தைக் கலைக்கிறார். மூன்றிலும் பொருள் ஒன்றுதான்: முன்பிருந்த ஒழுங்கு இனி இல்லை. சீட்டாட்டத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு சுமையும் உண்டு. கலைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, எல்லோரும் சமம், இனி விழுவது விழட்டும் என்பது அது. சமத்துவத்தைக் கையால் செய்துகாட்டும் சடங்கு என்றே சொல்லலாம்.

பொய்க் கலைப்பு என்பது இந்தச் சடங்கை முழுதாகச் செய்துவிட்டு, கட்டின் ஒழுங்கை மட்டும் அப்படியே காப்பாற்றி வைத்துக்கொள்வது. மேஜிக்காரனும் செய்கிறான், சூதாட்டக்காரனும் செய்கிறான். இது எப்படி நம்ப வைக்கிறது என்று கேட்டால் 'கைவேகம்' என்று உடனே பதில் வரும். கண்ணை முந்தும் கை என்பது வித்தைக்காரர்களுக்குச் சாதகமான கதை, அவ்வளவுதான். நல்ல பொய்க் கலைப்பு வேகமாக நடப்பதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சோம்பலாகவே நடக்கும். அது நம்ப வைப்பதன் காரணம் வேறு. உண்மையான கலைப்பிலும் சீட்டுகள் கலைவதை யாரும் பார்ப்பதில்லை. நாம் பார்ப்பது இரண்டு கைகள், கேட்பது சரசரவென்று ஒரு சத்தம். 'கலைந்துவிட்டது' என்பது நாமே போட்டுக்கொள்ளும் முடிவு. ஆக பொய்க் கலைப்பு உண்மையை நகலெடுக்கவில்லை, உண்மையின் குறியைத்தான் நகலெடுக்கிறது. அந்தக் குறிக்குப் பின்னால் பொருள் இருக்கிறதா என்று முதலிலிருந்தே யாரும் பார்த்ததில்லை என்பதால் வேலை சுலபமாகிவிடுகிறது.

இது சீட்டு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல என்று சொல்லத்தான் இந்த வரலாறு.

2

ஆங்கில அச்சில் இந்த வித்தையைப் பற்றிய மிகப் பழைய விளக்கங்களில் ஒன்று 1584-ல் வெளியான ஒரு புத்தகத்தில் கிடைக்கிறது. ரெஜினால்ட் ஸ்காட் எழுதிய அந்தப் புத்தகத்தின் விஷயம் சீட்டு அல்ல, சூனியம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த ஸ்காட், சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டப்பட்டுத் தூக்குக்குப் போன ஏழைக் கிழவிகளுக்காக வாதாடினார். இவர்களுக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் இல்லை, அற்புதம் என்று காட்டப்படுவதெல்லாம் மனிதக் கை செய்கிற வேலை என்பது அவர் கட்சி. இதை நிரூபிக்க வித்தைக்காரர்களின் உத்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். அந்த இடத்தில்தான் சீட்டு வருகிறது. சுறுசுறுப்பாகக் கலைத்துக்கொண்டே, தெரிந்த ஒரு சீட்டை மட்டும் கட்டின் அடியிலோ அடியிலிருந்து நாலைந்து சீட்டுக்கு மேலோ நிறுத்திக்கொள்வதுதான் முக்கியம் என்று எழுதுகிறார்.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. பொய்க் கலைப்பு அச்சேறியது ஏமாற்றக் கற்றுக்கொடுப்பதற்காக அல்ல, உயிர்களைக் காப்பாற்றுவதற்காக. கைவேலையைக் கைவேலை என்று காட்டிக்கொடுப்பது அன்று அரசியல் காரியமாக இருந்திருக்கிறது. அதிகாரத்துக்கும் இது புரிந்தது. ஸ்காட்லாந்தின் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1597-ல் பேயியல் பற்றி ஒரு நூல் எழுதி, ஸ்காட்டைப் பெயர் சொல்லியே தாக்கினார். சூனியம் இல்லையென்றால் சாத்தான் இல்லை. சாத்தான் இல்லையென்றால் அவனோடு போரிடும் மன்னனுக்கும் மவுசு குறையுமே!

3

அம்பலப்படுத்துவது எப்போதும் பலவீனமானவர்கள் பக்கம் நிற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 272 வருஷம் தள்ளி வருவோம். நவீன மேஜிக்கின் தந்தை என்று போற்றப்படும் ழான் யூஜின் ராபர்-ஊதேன் 1856-ல் பிரெஞ்சு அரசின் வேண்டுகோளின்பேரில் அல்ஜீரியா போனார். காலனி ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டுவதாகக் கருதப்பட்ட மராபூ என்ற சமயப் பெரியவர்களின் செல்வாக்கைக் குறைப்பதுதான் வேலை. அவர்கள் காட்டும் அற்புதங்களைவிடப் பெரிய அற்புதத்தைப் பிரெஞ்சுக்காரனால் காட்ட முடியும் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு சின்னப் பெட்டியை மேடையில் வைத்து, பலசாலி ஒருவரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். முதலில் சுலபமாக வந்தது. பிறகு அசைக்கவே முடியவில்லை. அடியில் மின்காந்தம். ஸ்காட் அற்புதத்தைக் கையாகக் கீழிறக்கினார். ராபர்-ஊதேன் இயற்பியலை அற்புதமாக மேலேற்றினார். அதுவும் பீரங்கிகளுக்குத் துணையாக.

இதே மனிதர்தான் 1861-ல் சீட்டு மோசடிகளை அம்பலப்படுத்தி ஒரு நூல் எழுதினார். பொய்க் கலைப்புகளும் அதில் உண்டு. நூலின் தலைப்பே 'கிரேக்கர்களின்' ஏமாற்றுகளை வெளிப்படுத்துவதாகச் சொல்கிறது. அன்றைய பிரெஞ்சில் சீட்டில் ஏமாற்றுபவனுக்குப் பெயர் 'கிரேக்கன்'. ஏமாற்றுபவன் எப்போதும் வேறு யாரோ, வேறு ஊர்க்காரன், வேறு இனத்தான். நம்மூரிலும் திருட்டுக்குச் சில சாதிகளின் பெயரைச் சட்டமே எழுதி வைத்திருந்ததை நினைத்துக்கொள்ளலாம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது. அதே வருஷம்தான் ராபர்-ஊதேன் இறந்தார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. மோசடியைச் செயலில் தேடாமல் ஆளில் தேடும் பார்வை மட்டும் ஒன்று.

4

பொய்க் கலைப்புக்கு வரலாறு எழுதுவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. நன்றாகச் செய்யப்பட்ட பொய்க் கலைப்பு எந்தத் தடயத்தையும் விடாது. பதிவாவதெல்லாம் பிடிபட்டவை மட்டுமே. போலீஸ் ஏடு, கோர்ட் தீர்ப்பு, சீர்திருத்தக்காரரின் எச்சரிக்கை நூல் ஆகியவைதான் நமது ஆவணக் காப்பகம். அதாவது இது தோற்றவர்களின் வரலாறு, அதுவும் பிடித்தவர்கள் எழுதியது. அடித்தள மக்கள் வரலாற்றை எழுதப் புறப்பட்டவர்களுக்கு இந்த இக்கட்டு புதிதல்ல. கலகக்காரனின் குரல் அவனை விசாரித்தவனின் குறிப்பில்தானே கிடைக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1902-ல் சிகாகோவில் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற பெயரில் ஒருவர் சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட்டார். சீட்டு மேசையில் செய்யக்கூடிய தந்திரங்களை உள்ளேயிருந்து, அலட்டாமல், மன்னிப்புக் கேட்காமல் விவரிக்கிறது அது. பணம் தேவைப்படுகிறது, அதனால் எழுதுகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். பெயர் புனைபெயர். திருப்பிப் படித்தால் இ. எஸ். ஆண்ட்ரூஸ் என்று வருகிறது என்றார்கள். பலரை அடையாளம் காட்டினார்கள். எதுவும் இன்றுவரை நிலைபெறவில்லை. புத்தகத்தில் நூறுக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றை வரைந்த மார்ஷல் ஸ்மித்தை 1946-ல் மார்ட்டின் கார்ட்னர் தேடிக் கண்டுபிடித்தார். குளிர்ந்த ஓட்டல் அறையொன்றில் உட்கார்ந்து அந்த மனிதரின் கைகளைப் பார்த்து வரைந்தது ஸ்மித்துக்கு நினைவிருந்தது. ஆசிரியனின் மரணம் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இங்கே ஆசிரியன் நிஜமாகவே இல்லை, கைகள் மட்டும் இருக்கின்றன.

எர்ட்னேஸ் வலியுறுத்துவது இரண்டு விஷயங்களை. முதலாவது, உனக்குத் திறமை இருக்கிறது என்ற சந்தேகம்கூட வரக்கூடாது. மேஜிக்காரன் கைதட்டலுக்காக வேலை செய்கிறான். அவனுடைய பார்வையாளர்கள் ஏமாறத் தயாராக, அதற்கென்றே வந்து உட்கார்ந்தவர்கள். சீட்டு மேசையில் அந்த ஒப்பந்தம் கிடையாது. விசிறிபோல் சீட்டை விரித்துக் காட்டினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இரண்டாவது, செயலில் ஒரேசீர்மை. எப்போதும் ஒரே மாதிரி பிடி, ஒரே மாதிரி கலை, ஒரே மாதிரி அடுக்கு.

இரண்டாவது விதியில்தான் விஷயம் இருக்கிறது. பொய்யை உண்மைபோல் செய் என்று மட்டும் அது சொல்லவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. நீ உண்மையாகக் கலைக்கும்போதும், பொய்க் கலைப்புக்குத் தோதான அதே நிலையில், அதே அசைவோடு கலை. பத்துத் தடவை நேர்மையாக அப்படிச் செய்துவிட்டால் பதினோராவது தடவை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பொய் உண்மையைப் பின்பற்றுவதில்லை, உண்மைதான் பொய்க்காக முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்படுகிறது. அதிகாரமும் இப்படித்தான் பழக்குகிறது. தினசரிச் சோதனைச் சாவடி, தினசரி அடையாள அட்டை, தினசரி '144'. அசாதாரணமான நாள் வரும்போது அது சாதாரண நாளைப் போலவே இருக்கும்.

5

தொழில்நுட்பத்துக்குள் கொஞ்சம் போகலாம். நியூஜெர்ஸியைச் சேர்ந்த ஹெர்ப் ஸாரோ தொழிலால் கணக்காளர். அவர் உருவாக்கிய கலைப்பு முறை இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. கட்டை இரண்டாகப் பிரித்து மேசையில் வைத்து, கட்டைவிரல்களால் ஓரங்களைச் சரசரவென்று விடுகிறோம். இரண்டு பாதிகளும் பல்லோடு பல்லாக நிஜமாகவே பின்னிக்கொள்கின்றன. சத்தமும் நிஜம். அப்புறம் கட்டைத் தட்டி ஒழுங்காக்கும் அந்த ஒரு கணத்தில், விரல்களின் மறைவில், பின்னல் அவிழ்ந்து, ஒரு பாதி மொத்தமாக மறு பாதியின் மேலே உள்ள ஒன்றிரண்டு சீட்டுகளுக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. மேலிருக்கும் அந்த ஒன்றிரண்டு சீட்டுகள்தான் திரை. பிறகு ஒரு வெட்டு. பழைய ஒழுங்கு அப்படியே.

கவனியுங்கள்: மக்கள் உற்றுப் பார்ப்பது பின்னும்போது. வேலை நடப்பது அடுக்கும்போது. அடுக்குவதை ஒரு 'செயல்' என்றே யாரும் எண்ணுவதில்லை, முடிந்த வேலைக்குப் பிந்தைய துடைப்பு என்றுதான் எண்ணுகிறோம். தீர்மானம் நிறைவேறும்போது விழித்திருந்துவிட்டு, அதற்கு விதிகள் எழுதப்படும்போது டீ குடிக்கப் போய்விடுகிற நம் பழக்கம் போலத்தான்.

அசைவைக் கற்றுக்கொண்டவன்கூட பெரும்பாலும் பிடிபடுவது வேறு காரணத்தால். உண்மையாகக் கலைக்கிறவன் கையைப் பார்க்க மாட்டான். பேசிக்கொண்டிருப்பான், எதிராளி முகத்தைப் பார்ப்பான், சீட்டு ஒன்றிரண்டு கோணலாக நீட்டிக்கொண்டிருந்தாலும் கவலைப்பட மாட்டான். பொய்யாகக் கலைக்கிறவனுக்கு எல்லாம் முக்கியம். தோள் இறுகுகிறது, பேச்சு நின்றுபோகிறது, கண் கைக்கு இறங்குகிறது. அவனைக் காட்டிக்கொடுப்பது அவனுடைய அக்கறைதான். ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி விரலுக்கானதல்ல, அலட்சியத்துக்கானது. டாய் வெர்னன் (1894–1992) தன் மாணவர்களுக்கு ஓயாமல் சொன்னது 'இயல்பாக இரு' என்பதைத்தான். எர்ட்னேஸைச் சிறு வயதிலேயே கரைத்துக் குடித்தவர் வெர்னன். 1930-களின் தொடக்கத்தில் கட்டின் நடுவிலிருந்து சீட்டுப் போடும் ஒரு சூதாட்டக்காரரைத் தேடி மிசௌரிவரை அலைந்தார். துப்புக் கொடுத்தவர் விச்சிடா சிறையிலிருந்த ஒரு மெக்சிகக் கைதி. மேடையில் நாம் ரசிக்கிற 'கலை'யின் வேர்கள் சிறையிலும் சூதாட்ட விடுதியிலும் கிடக்கின்றன. கலையாக அங்கீகாரம் பெற்றபின் அந்த வேர்கள் கழுவப்பட்டுவிட்டன.

ஸாரோவின் முறை ஒரு மேஜிக் சஞ்சிகையில் அச்சானது 1957-ல். அதே 1957-ல்தான் ரோலான் பார்த்தின் 'தொன்மங்கள்' கட்டுரைத் தொகுப்பும் பாரிஸில் வெளிவந்தது. வரலாற்றில் உருவானதை இயற்கையானதுபோல் காட்டுவதுதான் தொன்மத்தின் வேலை என்றார் பார்த். 'இயல்பாக இரு' என்ற வெர்னனின் உபதேசத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பல ஆயிரம் மணி நேர உழைப்பு, உழைப்பே இல்லாததுபோல் தோன்றுவதற்காகச் செலவழிக்கப்படுகிறது. கோட்பாட்டாளர் அவிழ்த்துக் காட்டியதைக் கணக்காளர் கையால் கட்டிக் காட்டினார்.

6

இதுவரை சொன்னது வேண்டுமென்றே செய்த பொய்க் கலைப்பு. யாருமே ஏமாற்ற நினைக்காமல் ஒரு தேசமே பார்த்துக்கொண்டிருக்க நடந்த பொய்க் கலைப்பு ஒன்றும் உண்டு. அதில் பந்தயம் வைக்கப்பட்டது உயிர்.

1969 டிசம்பர் 1. வியட்நாம் போருக்கு யாரைக் கட்டாய ராணுவ சேவைக்கு எடுப்பது என்று முடிவுசெய்ய அமெரிக்காவில் குலுக்கல் நடந்தது. உள்ளூர் வாரியங்களின் பாரபட்சம் குறித்து எழுந்த புகார்களுக்கான பதிலாகவே இந்த முறை முன்வைக்கப்பட்டது. வருஷத்தின் 366 பிறந்த தேதிகளையும் 366 நீலப் பிளாஸ்டிக் குப்பிகளில் போட்டார்கள். அவற்றை ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டி, தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்த நாளில் பிறந்தவர்களுக்கு முதல் எண். கடைசியில் 195-ஆம் எண்வரை அழைக்கப்பட்டார்கள்.

முடிவுகளை மாதவாரியாகக் கூட்டிப் பார்த்த புள்ளியியலாளர்களுக்கு விஷயம் இடித்தது. ஒழுங்காகக் கலைந்திருந்தால் எந்த மாதத்தின் சராசரி எண்ணும் 183.5-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜனவரிக்கு 201.2, டிசம்பருக்கு 121.5. டிசம்பரின் 31 நாட்களில் 26 நாட்கள் 195-க்குள் விழுந்திருந்தன. நியாயப்படி 16 அல்லது 17 விழுந்திருக்க வேண்டும். காரணம் சாதாரணமானது. குப்பிகளை மாதம் மாதமாகப் பெட்டியில் போட்டுக் கலைத்திருந்தார்கள். ஜனவரிக் குப்பிகள் பலமுறை கலைக்கப்பட்டன. டிசம்பர் கடைசியில் சேர்ந்தது, சரியாகக் கலையவில்லை. ஜாடியில் அது மேலாக நின்றது. மேலே இருந்ததைக் கை எடுத்தது.

கேமரா இருந்தது. கண்ணாடி ஜாடி இருந்தது. எடுப்பதற்கு இளைஞர்களையும் அழைத்திருந்தார்கள். வெளிப்படைத்தன்மையின் எல்லாக் குறிகளும் இருந்தன, கலைப்பு மட்டும் இல்லை. டிசம்பரில் பிறந்த குற்றத்துக்காகச் சிலர் காட்டுக்குப் போனார்கள். 1970 ஜூலையில் நடந்த அடுத்த குலுக்கலுக்குத் தேசியத் தரநிலை அலுவலகத்தின் உதவியோடு வேறு முறை வகுக்கப்பட்டது. போனவர்கள் போனவர்கள்தான்.

7

அப்படியானால் எவ்வளவு கலைத்தால் கலைந்ததாகும்? 1992-ல் டேவ் பேயரும் பெர்ஸி டயாகோனிஸும் கணக்கிட்டார்கள்: 52 சீட்டுக் கட்டைப் பாதியாகப் பிரித்துப் பின்னும் முறையில் ஏறத்தாழ ஏழு தடவை. டயாகோனிஸ் 14 வயதில் வீட்டைவிட்டு வெளியேறி டாய் வெர்னனோடு ஊர் சுற்றியவர், பிறகு கணிதவியலாளர் ஆனவர். நாம் இரண்டு மூன்று தடவையோடு நிறுத்திவிடுகிறோம். கைக்குள்ளேயே தள்ளித் தள்ளிக் கலைக்கும் நம்மூர் முறைக்கோ ஆயிரக்கணக்கான தடவை வேண்டும். அதாவது நாம் 'உண்மைக் கலைப்பு' என்று நம்பி வந்ததே பெரும்பாலும் பொய்க் கலைப்புதான், செய்கிறவனுக்கே தெரியாத ஒன்று. ஒருமுறை பின்னிய கட்டில் பழைய ஒழுங்கு இரண்டு இழைகளாக உயிரோடு இருக்கும் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு முன்பே 1910-களில் கண்டு மேஜிக்குக்குப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் சார்லஸ் ஜோர்டன், கலிபோர்னியாவில் கோழி வளர்த்தவர்.

மனிதக் கையை நம்ப முடியாது, இயந்திரத்திடம் கொடு என்பது அடுத்த கட்டம். சூதாட்ட விடுதிகளுக்காக வடிவமைத்த ஒரு கலைப்பு இயந்திரத்தை டயாகோனிஸ் குழுவினர் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். நன்றாகக் கலைந்த கட்டில் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஊகித்தால் சராசரியாக நாலரை சரியாக வரும். இயந்திரம் கலைத்ததில் ஒன்பதரை வந்தது. கணினியும் தப்பவில்லை. 1999-ல் இணையப் போக்கருக்கான மென்பொருள் நிறுவனம் ஒன்று தன் நேர்மையை நிரூபிக்கத் தன் கலைப்பு நிரலையே பகிரங்கமாக வெளியிட்டது. அதைப் படித்த பாதுகாப்பு வல்லுநர்கள் அது கடிகார நேரத்தை வைத்துக் கலைப்பதைக் கண்டுபிடித்து, ஆட்டம் நடக்கும்போதே எல்லோருடைய சீட்டையும் சொல்லிக் காட்டினார்கள். கையைத் திறந்து காட்டியதால்தான் ஓட்டை தெரிந்தது. பெரும்பாலான நிரல்கள் திறந்து காட்டப்படுவதில்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு 2022-ல் சட்டசபை தடை மசோதா நிறைவேற்றியது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2025-ல் ஒன்றியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது. வாதங்கள் பெரும்பாலும் திறமையா அதிர்ஷ்டமா என்பதைச் சுற்றியே நடந்தன. கலைப்பவன் யார், அந்தக் கையை யார் பார்ப்பது என்ற கேள்வி ஓரத்தில் நின்றது.

8

நம்மிடம் இது பற்றி ஓர் ஆவணம் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921). குடவோலை முறையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அதை ஒரு சூதாட்டக்காரனின் கண்ணோடு படித்துப் பாருங்கள். குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனே ஓலையை எடுக்க வேண்டும். வேறொரு குடத்தில் இட்டு மீண்டும் கலக்க வேண்டும். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு பலரும் அதை வாசிக்க வேண்டும். ஐந்து விரலையும் விரி என்று எழுதியவர்களுக்கு, விரலிடுக்கில் ஓலை ஒளிப்பது எப்படி என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது! பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்பு பொய்க் கலைப்புக்கு எதிராகக் கல்லில் வெட்டிய விதி அது.

ஆனால் குடத்துக்குள் யாருடைய பெயர் போனது? அது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35-லிருந்து 70-க்குள் வயது, வேதப் பயிற்சி ஆகியவை இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். அந்த நிலத்தில் உழுதவர்களின் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ குடத்தின் பக்கமே வரவில்லை. 1969-ன் ஜாடிக்கும் இது பொருந்தும். கல்லூரியில் படிக்க வசதியுள்ளவர்களுக்கு ஒத்திவைப்புச் சலுகை இருந்தது. ஜாடியைச் சரியாகக் கலைத்திருந்தாலும் அந்தச் சலுகை கலைந்திருக்காது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. கலைக்கிற கையின் அழகை, கேமராவின் இருப்பை, கண்ணாடி ஜாடியைச் சாட்சியாக ஏற்க வேண்டாம். விழுந்த சீட்டுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும், புள்ளியியலாளர்கள் டிசம்பரைக் கூட்டிப் பார்த்ததுபோல. மனைப்பட்டா, வேலைவாய்ப்பு, விசாரணைக் கமிஷன் என்று எதுவானாலும் யாருக்கு என்ன விழுந்தது என்ற பட்டியலைக் கேட்பதுதான் முதல் வேலை. அதற்கு அப்புறமும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: கட்டில் எத்தனை சீட்டு இருந்தது, கலைப்பதற்கு முன்பே எடுத்து வைக்கப்பட்டவை எவை? எவ்வளவு நேர்மையாகக் கலைத்தாலும் கட்டில் இல்லாத சீட்டு யார் கைக்கும் வராது.